நிலாவெளியில் பொறுக்கியது குளியல் பஞ்சா?

ஏப்ரல் 20 (பண்டாரவளை வாசகியின் கேள்வி)

சேர், புதுவருட விடுமுறைக்கு நிலாவெளிக்குப் போயிருந்தோம். அலை ஒதுக்கிய குப்பைக்குள் இருந்து மகன் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். கையகலம் இருக்கும். அடியில் ஒன்றாகச் சேர்ந்து மேலே விரல் விரலாகப் பிரிந்து நிற்கிறது. மங்கிய மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் துளை. அமுக்கினால் அமுங்கி மறுபடி எழும்புகிறது. தொலைபேசிச் செயலி இதைக் குளியல் பஞ்சு என்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் பவளம் என்கிறார். மாமி கடற்செடியின் வேர் என்று சத்தியம் செய்கிறார். கழுவிக் குளிக்கப் பாவிக்கலாமா? வீடு முழுக்க நாறுகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

ஏப்ரல் 20, இரவு

குளிக்கப் பாவிக்க வேண்டாம். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

படத்தைப் பார்த்தால் கடற்பஞ்சு என்றே படுகிறது. ஆனால் கடற்பஞ்சு எல்லாம் குளியல் பஞ்சு ஆகிவிடாது. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட கடற்பஞ்சு இனங்கள் 9,000-க்கும் மேல். கடையில் விற்கிற குளியல் பஞ்சு, ஸ்பொஞ்சியா, ஹிப்போஸ்பொஞ்சியா போன்ற ஒரு சில பேரினங்களிலிருந்து மட்டும் வருகிறது. அவற்றின் உடலைத் தாங்குவது ஸ்பொஞ்சின் என்ற புரத நார் மாத்திரமே. மற்றக் கடற்பஞ்சுகளில் பெரும்பாலானவை நாரோடு சேர்த்தோ, நாருக்குப் பதிலாகவோ, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா ஊசிகளை வைத்துக்கொண்டிருக்கின்றன. கண்ணாடி செய்கிற அதே சிலிக்காதான். அதை முதுகில் போட்டுத் தேய்த்தால் அடுத்த வாரம் முழுவதும் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

பீலியில் குளித்து வளர்ந்த சனத்துக்குப் பீர்க்கங்காய் நார் இருக்கிறது. அது போதும்.

ஏப்ரல் 21

நாற்றம்: உள்ளே இருந்த உயிர்ப்பகுதி அழுகுகிறது. வாளியில் நல்ல தண்ணீர் விட்டு ஊறவையுங்கள், காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் தெளிந்து வந்த பிறகு காயவையுங்கள். உப்பு முழுவதும் போகாவிட்டால் மலைநாட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஒருநாளும் காயாது.

இன்னொன்று. நம் பக்கத்துப் பனியில் மூன்று நாள் வெளியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண இழையைக் கைவில்லையில் பார்த்துவிட்டு, பஞ்சின் நார் எவ்வளவு மெல்லியது என்று வியக்காதீர்கள். விறகு அடுப்புக்குப் பக்கத்தில், நாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்கலாம்.

ஏப்ரல் 22

பவளமா, வேரா, பஞ்சா என்ற சண்டையைத் தீர்க்கக் கடற்கரைக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை. குசினியே போதும். நகத்தளவு துண்டுகளாகக் கிள்ளி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு துண்டில் வினாகிரி விடுங்கள். பவளம் சுண்ணாம்பு, ஆகவே நுரைத்துப் பொங்கும். கடற்பஞ்சிலும் சுண்ணாம்பு ஊசி கொண்ட ஒரு சிறு கூட்டம் உண்டு, அதுவும் பொங்கும். ஆனால் அவை பெரும்பாலும் சின்னஞ்சிறியவை, வெளிறியவை, கல்லின் அடிப்பக்கத்தில் ஒளிந்திருப்பவை. கையகலத்துக்கு மஞ்சளாக நிற்பது அந்தக் கூட்டத்தில் அரிது. ஒட்டியிருக்கும் சிப்பித் தூளும் பொங்கும் என்பதால் நடுப்பகுதியிலிருந்து கிள்ளுங்கள்.

அடுத்து நெருப்பு. காய்ந்த துண்டை இடுக்கியால் பிடித்து மெழுகுதிரிச் சுடரில் காட்டுங்கள். மயிர் பொசுங்கும் நாற்றம் வந்தால் புரத நார், கடற்பஞ்சு. கடதாசி எரியும் மணம் வந்தால் செடி, மாமி வென்றார். உருகிச் சொட்டினால் யாரோ வீசிய மெத்தையின் ரப்பர் நுரை. சிரிக்க வேண்டாம். கரையில் கடற்பஞ்சு என்று பொறுக்கப்படுவதில் அதுவும் தாராளமாக இருக்கிறது, வெயிலில் கிடந்து மஞ்சளாகி, துளைவிட்டு, பார்த்தால் அசல் பஞ்சேதான்.

மூன்றாவதுதான் உண்மையான சோதனை. துணி வெளுக்கிற குளோரின் திரவத்தில் ஒரு சிறு துண்டை இட்டு வையுங்கள். நாரும் சதையும் கரைந்துபோகும். சிலிக்கா கரையாது. அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தங்கினால், மேல் திரவத்தை மெதுவாக இறுத்துவிட்டு, நல்ல தண்ணீர் விட்டுத் தங்கவிடுங்கள், மறுபடி இறுங்கள். குளோரின் வாசம் போகும் வரைக்கும் இப்படிச் செய்து, கடைசியில் ஒரு சொட்டை வழுக்கியில் விட்டு நுணுக்குக்காட்டிக்குக் கீழே வையுங்கள். ஊசி இருந்தால் அங்கே கிடக்கும். ஒன்றுமே தங்காவிட்டால் செயலியிடம் மன்னிப்புக் கேட்பதைப் பற்றி யோசிக்கலாம்.

வினாகிரி விட்ட துண்டைக் குளோரினுக்குள் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வெவ்வேறு துண்டு, வெவ்வேறு கிண்ணம், யன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளை தள்ளி நிற்கட்டும்.

ஏப்ரல் 23

நாவலப்பிட்டியிலிருந்து ஒருவர் நிறத்தை வைத்தே பெயர் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறார். ஊதா என்றால் இது, சிவப்பு என்றால் அது என்று ஒரு பட்டியலும் தந்திருக்கிறார். அந்த ஊதாவைக் கரைக்கு எடுத்துக் காயவைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். மண்ணிறமாக வந்து சேரும்.

ஏப்ரல் 25

முந்தநாள் எழுதியது கொஞ்சம் சுருக்கென்று போய்விட்டது என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். சரி, விரித்துச் சொல்கிறேன்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் பாசிக்குடாப் பக்கம் கல்லுக்குக் கல் குனிந்து பார்த்துத் திரிந்தவன் நான். மலையில் பிறந்தவனுக்குக் கடல் கிடைத்தால் வேறென்ன செய்வான். அங்கே முதலில் பிடிபட்டது இதுதான்: ஒரே பஞ்சு வெயில் படும் பக்கத்தில் ஒரு நிறம், கல்லின் நிழற்பக்கத்தில் வேறு நிறம். அலை அடிக்கும் இடத்தில் கல்லோடு கல்லாக ஒட்டிப் படர்ந்திருப்பது, அமைதியான குழியில் விரல் விட்டு எழும்பி நிற்கும். ஆகவே நிறம், உருவம் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும், இரண்டையும் நம்பிப் பெயர் வைக்கக்கூடாது.

உயிரோடு பார்க்கும்போது நான் கவனிப்பவை வேறு. பெரிய துளைகள் எங்கே இருக்கின்றன? நுனியிலா, விளிம்பிலா, வரிசையாகவா, சின்ன மேட்டின் உச்சியிலா? சின்னத் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், பெரிய துளை வழியாக வெளியே வரும். 1820-களில் எடின்பரோவில் ரொபர்ட் கிரான்ட் என்பவர் அந்த வெளியேறும் ஓட்டத்தைப் பார்த்துத்தான் இது விலங்கு என்று வாதாடினார். அதுவரை செடியா விலங்கா என்ற சண்டை பெரிய பெரிய பண்டிதர்களிடமே இருந்தது. மாமியைக் குறை சொல்வதற்கில்லை.

இரண்டாவது, விரலால் தொட்டதும் துளை பட்டென்று சுருங்குகிறதா? கல்லில் வழுவழுப்பாகப் படர்ந்து, அழுத்தமான நிறத்தோடு, தொட்டவுடன் சுருங்கினால் அது கடற்பஞ்சு அல்ல. கூட்டமாக வாழும் கடற்பீச்சி என்ற வேறு விலங்கு. படத்தில் இரண்டையும் பிரிப்பது கடினம். பஞ்சும் சுருங்கும், ஆனால் அது சுருங்குவதைப் பார்க்க நீங்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

ஆனால் விரலால் தொடச் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் கடல்களில் தெடேனியா என்று ஒரு பேரினம் உண்டு, செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும், தொட்டால் கை எரியும், கொப்புளமும் வரலாம். பெயர் தெரியாத சிவப்பைக் குச்சியால் தொடுங்கள்.

உருவத்தை வைத்தே ஓரளவு தைரியமாகச் சொல்லக்கூடிய ஒன்றும் இருக்கிறது: சினாகைரெல்லா. மஞ்சள் உருண்டை, மேலெல்லாம் சின்னச் சின்னக் குழிகள், மயிர் நீட்டியிருப்பதுபோல் ஊசிகள் வெளியே. வெப்பக் கரைகளில் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடக்கும். அதிலும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

ஏப்ரல் 25, பின்னேரம்

மகன் சிப்பி பொறுக்கியிருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடெல்லாம் குண்டூசித் தலையளவு வட்டத் துளைகள் நெருக்கமாக இருந்தால், உடைத்தால் உள்ளே அறை அறையாகக் குடைந்திருந்தால், அது கிளையோனா என்ற துளைக்கும் கடற்பஞ்சின் வேலை. சுண்ணாம்பைச் சிறு சிறு சில்லுகளாகச் செதுக்கி எடுத்து உள்ளே குடியிருக்கும். கரையில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் கடற்பஞ்சு அடையாளம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் யாரும் அதைப் பார்த்துக் கடற்பஞ்சு என்று சொல்வதில்லை, ஓட்டைச் சிப்பி என்று வீசிவிடுகிறார்கள்.

மன்னார் முத்துச் சிப்பிகளையும் இது விட்டுவைக்கவில்லை. முத்துக்குளிப்பு ஏன் பொய்த்துப்போகிறது என்று ஆராய 1902-இல் ஹேர்ட்மன் என்ற பேராசிரியரை அன்றைய அரசாங்கம் வரவழைத்தது. அவர் சேகரித்த பஞ்சுகளை ஆர்தர் டென்டி பிரித்துப் பார்த்து 1905-இல் அறிக்கை எழுதினார். முத்துச் சிப்பி ஓட்டைக் குடைந்த ஒன்றுக்கு கிளையோனா மார்கரிட்டிஃபெரே என்று அதில் பெயர் வைத்திருக்கிறார். இலங்கைக் கடற்பஞ்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அந்த அறிக்கையைத் தாண்டிப் போக முடியாது.

ஏப்ரல் 28

"மலையில் உட்கார்ந்துகொண்டு கடற்பஞ்சுக்கு வகுப்பு எடுக்கிறீர்களே" என்று ஒரு கேலி வந்திருக்கிறது. எனக்கு முன்னோடி இருக்கிறார். சுண்ணாம்புக் கடற்பஞ்சுகளைப் பற்றி 1872-இல் பெரிய நூல் எழுதிய ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1881 கடைசியில் இலங்கைக்கு வந்தார். வெலிகமவில் கடல் உயிர்களைச் சேகரித்து முடித்துவிட்டு நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஏறிப் போனார். பஞ்சைப் பற்றி யோசிக்கக் குளிர் நல்லது என்று அவர் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொல்கிறேன்.

மே 2

கேலிக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி. பஞ்சு நம் மலையிலேயே இருக்கிறது.

மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும் காலத்தில் பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், பார்க்கச் சனம் திரளும். இந்தப் பங்குனியிலும் போனோம். எல்லோரும் கோபுரத்தோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் சேற்றுக்குள் நின்ற பட்ட மரக்கட்டை ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரிக்கு வெட்கம். கட்டையின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படை, அரை விரல் தடிப்பு. நகத்தால் தட்டினால் நொறுங்கியது. நொறுங்கிய இடத்தில் உள்ளே கசகசா போல் மஞ்சள் உருண்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. அதைக் கையால் பிசைந்தது எவ்வளவு மடத்தனம் என்று பஸ்ஸில் தெரிந்தது. ஹட்டன் வந்து சேரும் வரை விரலிடுக்கெல்லாம் அரிப்பு.

நன்னீர்ப் பஞ்சு. தண்ணீர் வற்றும்போது உடல் செத்துவிடும், அந்த உருண்டைகள் சாகாது. வறட்சியைத் தாண்டி, மறுபடி தண்ணீர் ஏறியதும் உள்ளே இருக்கும் உயிரணுக்கள் வெளியே வந்து புதுப் பஞ்சாக வளரும். வெளிச்சம் படுகிற இடத்தில் உள்ளே பாசி குடியேறிப் பச்சையாக இருக்கும், நிழலில் வெளிறிக் கிடக்கும். இங்கேயும் நிறத்தை நம்ப முடியாது, நாவலப்பிட்டி அன்பர் கவனிக்க. இந்தியாவுக்கும் இலங்கைக்குமான நன்னீர்ப் பஞ்சு நூலை நெல்சன் அனன்டேல் 1911-இல் எழுதிவைத்தார். அதில் பேரினத்தைப் பிரிப்பதற்கு முக்கியமாகப் பார்க்கப்படுவது அந்த உருண்டையைச் சுற்றியுள்ள ஊசிகளின் வடிவம். என்னிடம் உள்ளதைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் பார்த்தபடி இருக்கிறேன்.

மே 5

பண்டாரவளையிலிருந்து முடிவுகள் வந்துவிட்டன. வினாகிரியில் பொங்கவில்லை. சுடரில் மயிர் நாற்றம். குளோரினில் கரைந்து கொஞ்சம் வெண்மை தங்கியது. மகனின் பாடசாலை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கண்வில்லையில் தொலைபேசியை வைத்து எடுத்த படத்தையும் அனுப்பியிருக்கிறார். நன்றாகவே எடுத்திருக்கிறான் பையன். அவனுக்கு ஒரு சபாஷ்.

படத்தில் இருப்பது நேரான ஊசிகள், இருமுனையும் கூர். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு நீளம்தான் வரும். வேறு வடிவம் எதுவும் இல்லை: கொக்கி இல்லை, நட்சத்திரம் இல்லை, குண்டுத்தலை ஊசி இல்லை. ஆகவே குளியல் பஞ்சு என்ற கதை முடிந்தது.

இருமுனைக் கூர் ஊசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விரல் விடுகிறவற்றில் முதலில் நினைவுக்கு வருவன ஹலிக்லோனாவும் கலிஸ்பொஞ்சியாவும். இரண்டுமே வெப்பக் கரைகளில் சாதாரணம். உறவுக்காரர்கள் என்பதால் ஊசியை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. காய்ந்த துண்டின் மேற்பரப்பைக் கைவில்லையில் பார்த்துச் சொல்லும்படி எழுதியிருக்கிறேன்.

மே 6

ஒன்று விட்டுப்போனது. அதே படத்தின் ஓரத்தில் வட்டமாக, கோடு கோடாக ஒரு பொருள் கிடக்கிறதே, அது ஊசி வகை அல்ல. டயற்றம் என்ற ஒற்றைக்கலப் பாசி. அதன் ஓடும் சிலிக்காதான், அதனால் குளோரினில் தப்பிவிடும். கட்டை குட்டையாக மின்னுவது மணல். டிசிடியா போன்ற சில பஞ்சுகள் சொந்த ஊசி செய்யாமல் கடல் மணலையே நாருக்குள் அடைத்துக்கொள்ளும். மணலை ஊசியென்று கணக்கெடுத்தால் அங்கே வழி தவறும். அளவு, வடிவு இரண்டிலும் ஒன்றையொன்று ஒத்து நூற்றுக்கணக்கில் கிடந்தால் மட்டுமே அது பஞ்சு தானே செய்த ஊசி.

மே 9

பதில் வந்தது, படத்தோடு. இம்முறை படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது, ஆனால் தேவையானது தெரிகிறது.

மேற்பரப்பில் நார்கள் வலை பின்னியிருக்கின்றன. தடித்த நார் பெரிய கண்களாகப் போகிறது, அந்த ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் மெல்லிய நாரால் இன்னொரு சின்ன வலை. வலைக்குள் வலை. ஹலிக்லோனாவில் பொதுவாக ஒரே அளவு வலைதான் இருக்கும், அதுவும் ஊசிகளை நுனிக்கு நுனி கொஞ்சம் ஸ்பொஞ்சினால் ஒட்டவைத்தது. அதனால்தான் ஹலிக்லோனா காய்ந்தால் விரலுக்கிடையில் பொடியும். இதுவோ வாளியில் ஊறி, அடுப்படியில் காய்ந்து, மகனின் புத்தகப்பையில் பாடசாலைக்குப் போய் வந்த பிறகும் அமுக்கினால் எழும்புகிறது. நார் அதிகம், ஊசி குறைவு.

கலிஸ்பொஞ்சியா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மே 9, இரவு

"கலிஸ்பொஞ்சியாவில் எது?" என்று மூன்று பேர் கேட்டாயிற்று. மன்னார் வளைகுடாப் பக்கத்துப் பட்டியல்களில் கலிஸ்பொஞ்சியா டிஃப்பியூசா என்ற பெயர் அடிக்கடி வரும், அதை எடுத்து ஒட்டிவிடலாம்தான். ஒட்டமாட்டேன். உயிரோடு இருந்தபோது என்ன நிறம், பெரிய துளைகள் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், எதன் மேல் ஒட்டியிருந்தது: ஒன்றும் நம்மிடம் இல்லை. அலை உருட்டி நுனியெல்லாம் தேய்ந்த எலும்புக்கூட்டைப் பார்த்து முகத்தை வரையச் சொல்கிறீர்கள்.

அதற்காக அடுத்த முறை உயிருள்ளதைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். தண்ணீருக்குள் வைத்தே படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்து. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்துவரச் சட்டம் இடங்கொடாது.

மே 12

பையன் இதைப் பாடசாலைக் கண்காட்சியில் வைக்கப் போகிறானாம். சீட்டில் இவ்வளவும் இருக்கட்டும்: கலிஸ்பொஞ்சியா பேரினம், இனம் தீர்மானிக்கப்படவில்லை, நிலாவெளி, அலை ஒதுக்கியது, எடுத்த திகதி, எடுத்தவன் பெயர். மாமி இன்னும் வேர் என்றுதான் சொல்கிறாராம், அவரையும் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த வலையைக் கைவில்லையில் காட்டுங்கள். ஒரு துண்டைத் தனியாகச் சின்னப் போத்தலில் ஸ்பிரிட் விட்டு வைத்து, அதற்குள்ளும் ஒரு சீட்டுப் போடுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.